முனிரத்தினத்தின் எக்ஸ்ரே

மலர்வளையத்தில் கம்பெனியின் பெயர் தலைகீழாக விழுந்திருந்தது. ஹெச்.ஆர். அதிகாரி மணிகண்டபிரபு அதை ஐஸ் பெட்டி மேலிருந்து எடுத்து, வாசலில் நிற்பவர்களும் படிக்கிற மாதிரி திருப்பி வைத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து சரிபார்த்தார். திருப்தியான பிறகுதான் அவர் முகத்துக்குத் துக்கம் வந்தது. கண்ணாடிக்குள் கிடந்த முனிரத்தினத்தின் முகம் ரிப்பனுக்கு அடியில் போய்விட்டது.

டில்லிபாபு ரிப்பனை ஒதுக்கி, அப்பாவின் முகத்தை மீட்டான். அந்தக் கை தானாகவே அவனுடைய இடது தோளுக்குப் போய், சட்டைக்கு மேலாகவே காறையெலும்பு மேட்டைத் தடவிக்கொண்டது. பிளஸ் ஒன் படிக்கும்போது இரவல் பைக்கில் விழுந்து உடைந்த எலும்பு. கூடியது, ஆனால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மேடு விட்டுக் கூடியது. பன்னிரண்டு வருஷமாக, பயம் வந்தால் விரல் அங்கேதான் போகும். நேற்று மாலையிலிருந்து அந்த இடம் சிவந்து கிடந்தது.

நேற்று முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய முனிரத்தினம், ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்திருக்கிறார். ஒரகடத்தில் ஷிஃப்ட் விட்டுக் கிளம்பும் பஸ் என்றால் டிரைவரைத் தவிர அத்தனை பேரும் வாய் பிளந்து தூங்குவார்கள். அந்த நாற்பது பேரில் ஒருவர் மட்டும் தூங்கவில்லை என்பது யாருக்குத் தெரியும்? அவருடைய ஸ்டாப் வந்தது, போனது. வாலாஜாபாத்தில், கடைசி ஸ்டாப்பில்தான் டிரைவர் தோளைத் தட்டினார். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"சார், டூட்டி பஸ்ல போன உயிரு. கம்பெனிக்குன்னு ஒரு பொறுப்பு இல்லியா?" என்று ஆரம்பித்தார் தமிழ்வாணன். இறந்தவரின் மனைவி கிளியம்மாளின் தம்பி, டில்லிபாபுவுக்குத் தாய்மாமன், வார்டு அளவில் பெரிய மனிதர். தெருமுனையில் அவர் வைத்த ஃபிளெக்ஸில் இறந்தவர் ஸ்டாம்பு அளவிலும், கண்ணீர் விடுபவர் ஆளுயரத்திலும் இருந்தார்கள்.

"பொறுப்பு இருக்கறதாலதான் சார் ஃபைலோட வந்திருக்கேன்." மணிகண்டபிரபு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் ஃபைலைத் திறந்தார். "எடுத்தோம் கவுத்தோம்னு நாங்க யாரையும் உள்ள விடறதில்ல. போன பிப்ரவரியில சேர்க்கும்போதே ஃபுல் பாடி செக்கப். தலையிலருந்து கால் வரைக்கும்."

டில்லிபாபுவின் கை மறுபடி தோளுக்குப் போனது.

அந்தப் பிப்ரவரிக்கு இரண்டு மாதம் முன்பு, வேறொரு கம்பெனியின் பரிசோதனையில் அப்பாவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஈ.சி.ஜி. கோடு சரியில்லை, பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். பெரிய டாக்டரைப் பார்ப்பதாகத்தான் இருந்தது. அதற்குள் டில்லிபாபுவுக்குப் பெண் பார்க்கும் வேலை தொடங்கிவிட்டது. ஜாதகத்தோடு கொடுக்கிற விவரத் தாளில் 'தகப்பனார் தொழில்' என்று ஒரு கட்டம். அரிசி மில் மூடியதிலிருந்து அப்பாவின் தொழில் டி.வி. பார்ப்பது. அதை அந்தக் கட்டத்தில் எழுத முடியவில்லை. டில்லிபாபு தன்னுடைய கம்பெனியிலேயே அப்பாவுக்கு டிராலி தள்ளுகிற கான்ட்ராக்ட் வேலையைப் பிடித்தான். பரிசோதனை நாளில் லேபுக்கு அப்பாவையும் பைக்கில் கூட்டிப்போய், எதிர் டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு, அவருடைய ஆதார் ஜெராக்ஸோடு தான் உள்ளே போனான்.

யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயில் ஊதச் சொன்னார்கள், ஊதினான். சட்டையைக் கழற்றிக் குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னார்கள், நின்றான். "அம்பத்தி மூணு வயசா? நல்லா மெயின்டெயின் பண்றீங்க" என்று ஈ.சி.ஜி. எடுத்தவர் தலை நிமிராமலே பாராட்டினார்.

வெளியே வந்ததும் அப்பா டீ கிளாஸை நீட்டினார். "இன்னாடா, நான் பாஸா?"

"பாஸுப்பா."

"இனிமே உன் நெஞ்சு என் பேர்ல ஓடுது. பாத்து ஓட்டு." சிரித்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"மனுச உடம்பு ஒரு ஃபேக்டரிங்க" என்றார் மணிகண்டபிரபு. நாற்காலிகள் நெருங்கி வந்தன. இழவு வீட்டில் காலையிலிருந்து சுவாரசியமாக எதுவும் நடக்கவில்லை. "சேஃப்டி வாரத்துல நான் ஸ்லைடு போட்டே காட்டுவேன். இருதயம் கம்ப்ரஸர். நிமிஷத்துக்கு எழுபது தடவ அடிச்சு, அஞ்சு லிட்டர் ரத்தத்தையும் லைன்ல ஓட்டிடும். நுரையீரல் ப்ளோயர். காத்துல உள்ள ஆக்ஸிஜன எடுத்து ரத்தத்துல ஏத்தி விடும். வயிறு வந்து ரா மெட்டீரியல் செக்ஷன். அரைச்சுக் கரைச்சுக் குடலுக்கு அனுப்பும், குடல் சத்த உறிஞ்சிக்கும். கிட்னி கழிவுநீர் பிளான்ட். மூளை கண்ட்ரோல் ரூம். நரம்பெல்லாம் ஒயரிங்."

"அப்ப ஹெச்.ஆர். எங்க சார் கீது உடம்புல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"குடல்வால்னு ஒண்ணு கீதுபா. வேல இல்ல, ஆனா இருக்கும்" என்றது இன்னொரு குரல்.

மணிகண்டபிரபுவின் காதில் அது விழவில்லை. அந்தப் பதவிக்கு அது ஒரு தகுதி. தாளை எடுத்து, ஒரு விரலை உயர்த்திப் படித்தார். "சர்க்குலேட்டரி சிஸ்டம், அதாவது ரத்த ஓட்டம், நார்மல். சுவாசம், நார்மல். செரிமானம், நார்மல். நரம்பு மண்டலம், நார்மல். எலும்பு மண்டலம், நார்மல்."

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது போல இருந்தது டில்லிபாபுவுக்கு. ஒவ்வொரு நார்மலுக்கும் சட்டைக்குள்ளிருந்து அவன் உடம்பு 'உள்ளேன்' என்றது. இருதயம் காதில் வந்து அடித்தது. நிமிஷத்துக்கு எழுபதெல்லாம் இல்லை.

"இவ்வளவு அருமையான ஹார்ட் ஒரே வருஷத்துல நின்னிருக்குன்னா யோசிக்கணும்ல. இருதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புது. ஆனா அதோட சொந்தத் தேவைக்கு ரெண்டே ரெண்டு சின்னக் குழாய்தான். அது அடைச்சா முடிஞ்சுது. எதனால அடைக்குது? எண்ணெய், உப்பு, கருவாடு. அதுக்கு மேல டென்ஷன்." ஃபைலை மூடினார். "கம்பெனியில அவருக்கு ஒரு டென்ஷனும் கிடையாது. வீட்ல ஏதும் பிரச்சினைங்களா?"

அத்தனை தலைகளும் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிளியம்மாள் பக்கம் திரும்பின.

"சண்ட போட்டேன் சார்" என்றாள் அவள். குரல் நேற்றே போய்விட்டிருந்தது, காற்றுதான் வந்தது. "நேத்து கார்த்தால எழுந்து, நெஞ்ச இன்னாமோ பண்ணுது கிளி, இன்னிக்கு லீவ் போட்டுறட்டான்னாரு. நான்தான் சார்… கம்பெனி டாக்டரே ஒடம்புல ஒரு கொறயும் இல்லன்னு எய்திக் குடுத்துக்கீறாரு, உனுக்கு வேலைக்கு டிமிக்கி குடுக்கணும், அதானன்னு கேட்டேன். சட்டய எடுத்து மூஞ்சி மேல போட்டேன். ஒண்ணும் பேசல. கருவாடும் சோறும் கட்டிக் குடுத்து நான்தான் தொரத்தி வுட்டேன். நான்தான்…"

"ம்மா, அப்டிலாம் இல்லம்மா" என்றான் டில்லிபாபு.

"நீ சும்மா இர்ரா. உனுக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. அது நான் குடுத்த டெஸ்டு. வாயைத் திறந்தான். எதிரே மணிகண்டபிரபு சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் அடையாள அட்டை டில்லிபாபுவின் சட்டைப் பையிலும் இருந்தது. அப்பா ஏன் ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போனார் என்பது இந்த வீட்டில் இப்போது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டான். மூடுவதற்குக் கொஞ்சமும் சிரமம் இருக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னா சார் இது கவரு?" தமிழ்வாணன் ஃபைலிலிருந்து பெரிய கவர் ஒன்றை உருவினார்.

"செஸ்ட் எக்ஸ்ரே. நீங்களே பாருங்க. பளிங்கு மாதிரி இருக்கும்."

தமிழ்வாணன் எழுந்து நின்று, ஃபிலிமைப் பந்தலின் ஓரத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கூட்டத்தில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "எம் மச்சான் நெஞ்சுய்யா இது! வஞ்சன தெரியாத நெஞ்சு!" பெண்கள் பக்கமிருந்து ஓர் அழுகை கிளம்பியது. ஃபிலிம் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருத்தி விலா எலும்புகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னொருத்தி, "இம்மாஞ் சுத்தமா கீதே, பாவி எமன் எந்தப் பக்கமா பூந்தான்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். உயிரோடு நிற்கிறவனின் எலும்புக்கூட்டைச் சுற்றிப் பதினைந்து பேர் அழுதார்கள். டில்லிபாபு அசையாமல் நின்றான்.

கடைசியாக அது கிளியம்மாளிடம் வந்தது.

அவள் எல்லோரையும் போல உடனே அழவில்லை. உட்கார்ந்தபடியே வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்து, இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள். ஒரு விரல் அடி விலாவிலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறியது. புருஷனைத் தடவுகிற விரல்தான். கழுத்துக்குக் கீழே, ஒரு பக்கத்துக் காறையெலும்பில் வந்ததும் நின்றது. கொஞ்சம் பின்னால் போனது. மறுபடி வந்து, அதே இடத்தில் நின்றது. அங்கே எலும்பு ஒரு மேடு ஏறி இறங்கியிருந்தது.

மூன்று மாதம் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு திரிந்த பையனை, அந்த மேட்டில் சோப்பு அழுத்தாமல் குளிப்பாட்டியவள் அவள்.

டில்லிபாபுவின் கை தோளில் இருந்தது. எடுக்க நினைத்தான். முடியவில்லை. கிளியம்மாள் நிமிர்ந்து, ஃபிலிமைப் பார்த்த அதே பார்வையால் அந்தக் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ஃபிலிமைக் கவருக்குள் போட்டு, தான் உட்கார்ந்திருந்த பாயைத் தூக்கி அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் 'நான்தான்' என்று அவள் சொல்லவில்லை.

கிளம்பும்போது மணிகண்டபிரபு குனிந்து, மென்மையாகக் கேட்டார். "அம்மா, அந்த ஃபிலிம்… ஃபைல்ல இருக்கணும்."

"இல்ல சார்."

"இல்லம்மா, அது கம்பெனி ரெக்கார்டு…"

"அது எங்க வூட்டு நெஞ்சு சார். இங்கியே இருக்கட்டும்."

தமிழ்வாணன் குறுக்கே வந்து, "அக்கா கேக்குது இல்ல, வுடுங்க சார், ஒரு ஞாபகத்துக்கு" என்றார். மணிகண்டபிரபுவுக்கும் மூன்று மணிக்கு ஒரு மீட்டிங் இருந்தது. போகிற போக்கில் மலர்வளையத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

பகல் இரண்டு மணிக்கு உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டி தெருமுனையில், ஃபிளெக்ஸுக்குக் கீழே. டில்லிபாபு சட்டையைக் கழற்றி, தலையில் ஒரு குடம் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்தான். வெற்று உடம்பில் அந்த மேடு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றது. யாரும் பார்க்கவில்லை. மண்பானையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, தமிழ்வாணன் தூக்கிக் கொடுத்தார்.

"லெப்டு தோள்ல வைடா. அதான் மொற."

பானையின் அடிப்பாகம் சரியாக எலும்பின் மேட்டில் உட்கார்ந்தது. வலியில் உயிர் போனது. நல்ல வலி என்று தோன்றியது அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு வீடுவரை நடந்து, வாசலுக்கு வந்து நின்றான்.

காலையிலிருந்து இடத்தைவிட்டு எழாத கிளியம்மாள் எழுந்து வெளியே வந்தாள்.

"அந்தத் தோளு வேணாம்" என்றாள்.

"மொறைன்னு ஒண்ணு கீது இல்லக்கா…"

"அவனுக்கு அது ஒடஞ்ச தோளு."

பானையைத் தானே தூக்கினாள். கனத்தில் கை ஆடியது. தண்ணீர் தளும்பி இரண்டு பேர் மீதும் விழுந்தது. வலது தோளுக்கு மாற்றி, வாய் சரியாமல் அவன் கையை எடுத்துப் பிடிக்க வைத்தாள். முந்தானையால் இடது பக்க மேட்டில் நின்ற தண்ணீரை ஒற்றி எடுத்தாள், அழுத்தாமல். அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

"ம்மா" என்றான் டில்லிபாபு.

"தண்ணி சிந்தாம எடுத்துக்கினு வா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவன் படியேறினான். இடது தோள் காலியாக இருந்தது.