செங்கல்பட்டு மாப்பிள்ளை கார்

'சொந்த உபயோகம்' என்ற இடம் வந்ததும் ஷஃபியுல்லாவுக்கு மறுபடியும் நாக்கு குழறியது. விடிந்தும் விடியாத நேரம். வாசலில் நின்ற காரைப் பார்த்தபடி, அன்றைய பழங்கார் பேரணியில் நடுவரிடம் சொல்ல வேண்டியதை ஐம்பது வயது மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தார். "அம்பத்திரண்டுல இங்கிலாந்துல செஞ்ச எம்.ஜி. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரு. மொத ஓனரு தோல் கம்பெனி துரை. ரெண்டாவது செங்கல்பட்டு டாக்டரு. அறுபத்தொண்ணுல எங்க அத்தா வாங்குனாரு. அதுலேர்ந்து குடும்பத்தோட சொந்த... சொந்த உபயோகம்."

உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்த மனைவி சைனம்பு சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது. "சொந்த உபயோகமா? மாமா இந்த வண்டில கறி வாங்கக்கூடப் போனதில்லியே. அவரு ஓட்டுனதெல்லாம் ஊரான் வூட்டு மாப்பிள்ளைக்குத்தான."

"நீ சும்மா இரு. கேசவன் சாரு அப்டித்தான் சொல்லச் சொல்லிகீறாரு."

"சொல்லுங்க, சொல்லுங்க. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது பாரு."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அத்தா பந்தல், பெட்ரோமாக்ஸ், சீரியல் செட் எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர். டாக்டர் அந்தக் காரை விற்கக் காரணம், அவருடைய மனைவி அதில் ஏற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததுதான். கூரை இல்லாத வண்டியில் தலை கலைந்து போய் எந்த வீட்டில் இறங்குவது என்று அந்த அம்மா கேட்டார்களாம். அத்தாவோ அதே வண்டியைப் பார்த்து வேறு கணக்குப் போட்டார். கூரை இல்லை, அதனால் உள்ளே இருப்பவன் ஊருக்கே தெரிவான். இரண்டு பக்கமும் நீளமாகப் படி இருக்கிறது, அதனால் சேக்காளிகள் தொற்றிக்கொண்டு வரலாம். எழுபது எண்பது மைல் வேகத்தில் பறப்பதற்கென்று யாரோ வெள்ளைக்காரன் ராப்பகலாக யோசித்துச் செய்த வண்டி. நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நடை வேகத்தில் போக இதைவிடத் தோதான வண்டி உலகத்தில் இல்லை என்று முடிவுகட்டிய ஒரே மனிதர் அத்தாவாகத்தான் இருக்க வேண்டும்.

பின்பக்கம் இரும்புக் குழாயில் உயரமாக ஒரு மாப்பிள்ளை சீட்டைப் பற்றவைத்தார். அதற்கு மேலே பல்பு மாட்ட ஒரு வளைவு. ஒவ்வொரு தை மாதமும் புதுப் பெயிண்ட். ஒரு வருஷம் ரோஸ், ஒரு வருஷம் கிளிப்பச்சை, ஒரு வருஷம் கண்ணைப் பறிக்கிற ஊதா. நடை வேகத்திலேயே ஓட்டி ஓட்டி இன்ஜின் கொதித்துச் செத்தபோது, அதைக் கழற்றிச் சாக்குப் போட்டு மூடிவிட்டு அம்பாசடர் இன்ஜின் ஒன்றை உள்ளே இறக்கினார். மதுராந்தகத்திலிருந்து திருப்போரூர்வரை எந்தச் சாதி, எந்த மதத்துக் கல்யாணமானாலும் 'செங்கல்பட்டு மாப்பிள்ளை கார்' வந்தால்தான் ஊர்வலம் களைகட்டும். அத்தா கண்ணை மூடிய பிறகு சில வருஷம் ஷஃபியுல்லா ஓட்டினார். தொண்ணூறுகளில் மாப்பிள்ளைகளுக்கு ஏ.சி. கார் கேட்டது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாமல் மண்டபத்துக்குப் போய் இறங்கினார்கள். வண்டி கொட்டகைக்குப் போனது. மாப்பிள்ளை சீட்டில் கோழி அடைகாத்தது.

தொண்ணூற்றேழில் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார் சேர்ப்பவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இது கார் இல்ல பாய். சப்பரம். வேணும்னா அடியில இருக்கிற சேஸியை மட்டும் எடுத்துக்கறேன்" என்றார். டீக்கடையே சிரித்தது. ஷஃபியுல்லாவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். இது சப்பரம் இல்லை, நிஜமான கார் என்று அந்த ஆளின் வாயாலேயே ஒரு நாள் சொல்ல வைக்க வேண்டும். அன்றைக்கு அவருக்குப் பிடித்த வெறி அதுதான்.

வெறிக்குத் துணையாக வந்து வாய்த்தவர் கேசவன். கல்பாக்கத்தில் இன்ஜினியர். டவுன்ஷிப் விழாவுக்குப் பந்தல் பேச வந்தவர், கொட்டகையில் கோழிக்குக் கீழே இருந்த வண்டியைப் பார்த்துவிட்டுப் பந்தலை மறந்தார். அதற்குப் பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஷஃபியுல்லா வீட்டில்தான். இருவரும் உட்கார்ந்து பெயிண்டைச் சுரண்டினார்கள். ஊதா, கிளிப்பச்சை, ரோஸ் என்று வருஷம் வருஷமாக உரிந்து, கடைசியில் கம்பெனிக்காரன் அடித்த கரும்பச்சை தெரிந்தபோது கேசவன் கைதட்டிக் குதித்தார். உடம்புக்குள் இருந்த மரச்சட்டம் மழை ஈரத்தில் உளுத்துப்போயிருந்தது. படகு செய்கிற ஆளைக் கூட்டிவந்து பூவரசில் புதுச் சட்டம் போட்டார்கள். சாக்குக்குள் தூங்கிய பழைய இன்ஜினுக்கு இங்கிலாந்திலிருந்து பிஸ்டன் வந்தது. மாப்பிள்ளை சீட்டையும் விளக்கு வளைவையும் அறுத்து எடுத்த அன்று சைனம்பு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மற்றபடி ஏழு வருஷ உழைப்பு வீணாகவில்லை. துரை வந்து பார்த்தால்கூட நேற்று வாங்கிய வண்டி என்றுதான் நினைப்பார். 'சொந்த உபயோகம்' கேசவனின் யோசனை. "வாடகைக்கு ஓடுச்சுன்னு சொன்னா மட்டமா நினைப்பாங்க பாய். அந்தப் பகுதியை விட்டுடலாம்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வண்டி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை ஷஃபியுல்லாவைவிட அவருக்கு அதிகமாக இருந்தது.

பழங்கார் பேரணி சென்னையில் கிளம்பி, கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்தில் முடிந்தது. அன்றுதான் ஷஃபியுல்லா அந்த வண்டியை முதல் முறையாக அதன் இஷ்டத்துக்கு ஓடவிட்டார். முட்டுக்காடு பாலத்தைத் தாண்டியதும் நாலாவது கியரில் அது போட்ட சத்தம், இத்தனை வருஷமும் இதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்பதுபோல இருந்தது. அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. காற்றுக்கு வந்ததாக்கும் என்று துடைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டில் கேசவன் தொப்பியைப் பிடித்தபடி கத்திக்கொண்டே வந்தார். பின்னால் கேசவன் வீட்டு மாருதியில் பிரியாணிக் கேரியரோடு சைனம்பு.

மாமல்லபுரத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ராஜா வீட்டுக் கார், அந்தப் பக்கம் ஜமீன் கார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரலாறு, ஒவ்வொரு வரலாற்றிலும் ஒரு புலி வேட்டை. நடுவர் குறிப்பு அட்டையோடு வந்து சேர்ந்தபோது ஷஃபியுல்லா அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அதே வெள்ளைச் சட்டை. கழுத்தில் தொங்கும் அதே கண்ணாடி. முடி மட்டும் நரைத்திருந்தது.

அந்த ஆளுக்கு இவரையும் தெரியவில்லை, வண்டியையும் தெரியவில்லை. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கதவைத் திறந்து அது மூடுகிற சத்தத்தைக் கேட்டார். "இதுதான் கார்" என்றார். "இவ்வளவு சுத்தமான எம்.ஜி. நம்ம பக்கத்துல இருக்குன்னே எனக்குத் தெரியாதே. ஹிஸ்டரி சொல்லுங்க."

ஏழு வருஷம் காத்திருந்த வார்த்தை. காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது. ஷஃபியுல்லா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். துரை, டாக்டர், அத்தா, எல்லாம் மளமளவென்று வந்தன. சொந்த உபயோகம்கூட இந்த முறை தடுமாறாமல் வந்தது. நடுவர் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் பந்தோபஸ்துக்கு நின்றிருந்த போலீஸ்காரர் ஒருவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், எஸ்.எஸ்.ஐ. சட்டையில் பன்னீர்செல்வம் என்று பெயர்ப்பட்டை. வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தவர், ஷஃபியுல்லாவின் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார். "பாய், தப்பா நெனைக்காதீங்க. இது செங்கல்பட்டு மாப்பிள்ள காருதான?"

நடுவரின் பேனா நின்றது.

"இல்ல சார்," என்றார் ஷஃபியுல்லா. "இது வேற வண்டி."

"அப்டியா." பன்னீர்செல்வத்தின் முகம் சுருங்கியது. ஆனாலும் மனம் கேளாமல் இடது மட்காடுமேல் கையை வைத்துத் தடவினார். "இந்த எடத்துல ஒரு நசுங்கல் இருக்கும். அதான் பாத்தேன். ரொம்ப வழுவழுன்னு கீதே... அப்ப வேற வண்டிதான். சாரி பாய்." திரும்பி நடந்தார்.

அந்த நசுங்கல் ஷஃபியுல்லாவுக்கு மறக்கக்கூடியதா? எண்பத்து மூன்றில், கருங்குழியிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளிய ஒரு கிராமம். மாப்பிள்ளை காலனிப் பையன், புதிதாகப் போலீஸ் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் ஊர்த்தெரு வழியாகக் காரில் வருவதாகத் தெரிந்ததும் மற்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். அத்தா போனார். ஷஃபியுல்லா படியில் நின்று விளக்கு வளைவுக்கான பேட்டரியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊர் எல்லையில் நாலு பேர் வழிமறித்து, வயல் பாதை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். அத்தா கோபப்படவில்லை. "இது தாழ்வான வண்டிங்க. வயல் பாதைல போனா அடி தட்டும். ரோட்டு மேலதான் போவும்" என்றார், ஏதோ வண்டியின் குறையைச் சொல்லி வருத்தப்படுவதுபோல. சொல்லிவிட்டு முதல் கியரைப் போட்டார். ஊர்த்தெரு பாதி தாண்டியபோது எங்கிருந்தோ ஒரு கல் வந்து மட்காடில் விழுந்தது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அத்தா இறங்கி, தோள் துண்டால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, "வாசிங்க" என்றார். மறுபடி ஏறி அதே நடை வேகத்தில் ஓட்டினார். ஒரு அடிகூட வேகம் கூட்டவில்லை. உயரத்து சீட்டில் அந்தப் பையன் மாலையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தான், சல்யூட் அடிக்கக் காத்திருப்பவன் மாதிரி.

அதற்குப் பிறகு எத்தனை தை மாதம் பெயிண்ட் அடித்தும் அத்தா அந்த நசுங்கலைத் தட்டி எடுக்க விடவில்லை. போன வருஷம் டிங்கர் கேட்டபோது, ஷஃபியுல்லா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எடுத்துடு" என்றார்.

பின்னாலிருந்து சைனம்புவின் குரல் வந்தது. சத்தமாகப் பேசவில்லை. "மாமா கல்லடி வாங்குன எடம். அதையும் இல்லன்னுட்டீங்களே."

பிரியாணிக் கேரியரோடு அவள் நின்ற நிலையை அவரால் பார்க்க முடியவில்லை. ராஜா கார், ஜமீன் கார், புலி வேட்டை. இந்த வரிசையில் நிற்கிற எந்த வண்டி அந்தத் தெரு வழியாகப் போயிருக்கும்? இத்தனை வருஷமும் வெட்கப்பட வேண்டியது எதற்கு என்று தெரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

"சார், நில்லுங்க!" என்று கத்தினார். பன்னீர்செல்வம் திரும்பினார். ஷஃபியுல்லா நடுவரைப் பார்த்தார். "நீங்களும் கேளுங்க. நான் சொன்னது பொய்யி. சொந்த உபயோகம்லாம் இல்ல. இது மாப்பிள்ள ஊர்வலக் காரு. வாடகை வண்டி. ஏழு வருசத்துக்கு முன்னாடி செங்கல்பட்டுல நீங்க சப்பரம்னு சொன்னீங்களே, அது இதான்."

நடுவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வண்டியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். எதுவோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் சிவந்தது. "அப்படின்னா... ரூல்ஸ்படி வாடகைக்கு ஓடின வண்டிக்குப் பாயிண்ட் குறையுமே."

"கொறைங்க சார். ஆனா ஓனருங்க பேரு விட்டுப்போச்சு. ஒவ்வொரு மாப்பிள்ளையும் ஒரு மணி நேரத்துக்கு இந்த வண்டிக்கு ஓனரு. அவங்க எல்லாரையும் எழுத உங்ககிட்ட காயிதம் பத்தாது. இவரு பேரு மட்டுமாவது எழுதிக்கங்க. பன்னீர்செல்வம். கல்லு விழுந்தப்பவும் எறங்காம ஒக்காந்திருந்தாரு." நசுங்கல் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "எங்க அத்தாதான் ஓட்டுனாரு."

"எறங்கலாம்னுதான் பாத்தேன் பாய்," என்றார் பன்னீர்செல்வம். "உங்க அத்தா திரும்பிப் பாத்து, ஒக்காருன்னாரு. அவரு இருக்காரா?"

"இல்லீங்க."

பன்னீர்செல்வம் தொப்பியைக் கழற்றினார். கேசவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏறுங்க," என்றார் ஷஃபியுல்லா.

"ட்யூட்டில கீறேன் பாய்."

"ஒரு ரவுண்டு. ஏறுங்க மாப்பிள்ள."

பன்னீர்செல்வம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு படியருகே குனிந்து, புதுத் தோல் சீட்டு அழுக்காகிவிடுமே என்று பூட்ஸைக் கழற்றி மணலில் ஜோடியாக வைத்தார். பின்னால் மடித்து வைத்திருந்த துணிக்கூரையின் மேல் ஏறி உட்கார்ந்து, கிழிந்த சாக்ஸ் கால்களைச் சீட்டின்மேல் பதித்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. சைனம்பு மாருதியில் கட்டியிருந்த சாமந்திச் சரத்தை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். கேசவன் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, கல்பாக்கத்து இன்ஜினியர் என்பதையெல்லாம் மறந்து, "வழி விடுங்க, வழி விடுங்க, மாப்பிள்ளை வர்றாரு" என்று கூட்டத்தை விலக்கினார்.

ஷஃபியுல்லா முதல் கியரைப் போட்டார். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கைதட்ட ஆரம்பித்தார்கள். பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது, குறிப்பு அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு ஜோடி போலீஸ் பூட்ஸுக்குப் பக்கத்தில் நடுவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கூட்டம் அந்தப் பக்கம் நெருக்கியபோது, யாரும் மிதித்துவிடாமல் அவர் குனிந்து அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.