எழுபதா, நூற்றுப்பத்தா

1

"பிள்ளை, நீங்கள் எங்கை படிக்கிறியள்?"

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். கேட்டவர் பத்மநாதன். கேட்ட இடம், லண்டனில் நான் வேலை செய்யும் பனிச்சறுக்குக் கடை. என் சட்டையில் பிறேமினி என்ற பெயரைக் கண்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். அவருடைய மகள் கம்சிகா பள்ளிக்கூடப் பயணத்தில் முதல் தடவையாகச் சறுக்கப் போகிறாள். பூட்ஸ் வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்பைப் பாதியில் விட்டவள். [ஏன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். கதை பூட்ஸைப் பற்றியது.]

2

இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பூட்ஸின் விறைப்பை ஓர் எண்ணால் சொல்வார்கள்.* புதிதாகப் பழகும் பெண்ணுக்கு எழுபது போதும். சீராக்கிய சரிவில் வேகமாகப் போகிறவளுக்கு நூறு. பந்தயக்காரருக்கு நூற்றுமுப்பதும் அதற்கு மேலும். மேடுகளில் பாய்ந்து குதிப்பவர்கள் அவ்வளவு விறைப்பைக் கேட்பதில்லை. விழும் அதிர்ச்சியைப் பூட்ஸும் கொஞ்சம் வாங்க வேண்டும். மலையில் நடந்து ஏறுகிறவர்களுக்குக் கணுக்காலை விடுவிக்கும் நெம்புகோல் உள்ள, பாரம் குறைந்த ஒன்று.

எண் கூடினால் திறம் என்றில்லை. ஆனால் எங்கள் ஆட்களிடம் ஓர் எண்ணைக் காட்டினால்

[வாக்கியத்தை இங்கேயே விட்டுவிட்டேன். நீங்களும் எங்கள் ஆட்களாக இருக்கக்கூடும்.]

* கம்பனிக்குக் கம்பனி இது கொஞ்சம் மாறும். இதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

3

முதல் வரைவில் இதையெல்லாம் கணீரென்று விளக்கினேன். பொய். நடந்தது இது:

"எழுபது காணும், அங்கிள்," என்றேன், அவருடைய காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்து.

"நூற்றுப்பத்து இருக்கேக்கை ஏன் எழுபது?"

"அப்பா, இது எக்ஸாம் இல்லை," என்றாள் கம்சிகா.

"நான் சுவிஸிலை பன்னிரண்டு வருசம் இருந்தனான். பனி எனக்குத் தெரியும்."

"ஓம், பஸ் ஸ்டொப்பிலை ஒருக்கா சறுக்கினவர்," என்றாள் என்னிடம்.

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பி, முதல் வரியில் உள்ள அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"படிக்கேல்லை, அங்கிள். இடையிலை விட்டிட்டன்."

"அதுதான் எழுபது காணும் எண்டுறியள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பகிடிதான். [என் முகம் — வேண்டாம்.]

நூற்றுப்பத்தைப் போட்டு நின்ற கம்சிகாவை முழங்காலை முன்னுக்கு மடிக்கச் சொன்னேன். கணுக்கால் அசையவில்லை. அது மடியாவிட்டால் பாரம் பின்னால் போகும். பாரம் பின்னால் போனால் கட்டுப்பாடும் போகும்.

"சிமெந்துக்கை நிக்கிற மாதிரி இருக்கு. விழுந்து காலை முறிக்கப் போறன், அப்பா."

"பழகினா சரிவரும்."

4

கண்ணாடிக்கு வெளியே அவருடைய காரை நோக்கி, அபராதச் சீட்டு எழுதும் பார்க்கிங் வார்டன் நடந்துகொண்டிருந்தான். "நூற்றுப்பத்தைக் கட்டுங்கோ, காரை எடுத்துக்கொண்டு வாறன்," என்று என்னிடம் சொல்லி, மகளிடம் வங்கி அட்டையைக் கொடுத்துவிட்டுப் பத்மநாதன் ஓடினார்.

உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் வாங்கில் இரண்டு பெட்டிகள், எழுபதும் நூற்றுப்பத்தும். இரண்டு பக்கத்திலும் நாங்கள்.

வேலை முடிந்து வீடு திரும்பும் எலிசபெத் லைன் ரயிலில், மனோர் பார்க் வரும்வரை இந்த இடத்தை என் கொப்பியில் இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் நான் எழுபதைத் தூக்குகிறேன். அதில் எனக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. மற்றதில் அவள் அதை என் பக்கம் தள்ளுகிறாள். அதில் நான் தப்பிவிடுகிறேன். இரண்டுமே எனக்கு வசதியானவை. அதனால் நம்ப முடியவில்லை.

பைக்குள் போனது எழுபது. அது மட்டும் நிச்சயம். முதலில் நீண்டது யாருடைய கை? ஒருவரும் திறக்காத இந்தக் கொப்பியை நீங்கள் திறந்துவிட்டீர்கள். அந்த வரியை நீங்களே எழுதுங்கள்:

........................................

வெளியே ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. கம்சிகா பையைத் தூக்கினாள். கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போனாள்.