கரண்டைக் காட்டிக்கொடுக்கும் பெட்டி

துரைப்பாண்டி கையை ஓங்கினால் அடி எங்கே விழும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. விழும் என்பது மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது அவன் பெண்டாட்டி வள்ளித்தாயின் வாயில் விழுந்தது. மகள் பொன்செல்வி பள்ளிக்கூடம் விட்டும் வீடு வந்து சேரவில்லை, அதுதான் குற்றம். மகள் செய்த குற்றத்துக்குத் தாய்க்கு அடி. துரைப்பாண்டியின் நியாயம் எப்போதும் கைக்கு எட்டிய ஆளைத்தான் பிடிக்கும்.

பொன்செல்வி அந்நேரம் சங்கரன்கோவிலில், பள்ளிக்கூட லேபில், ஈயம் உருகும் புகைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. பள்ளி விட்ட பிறகு பெண்பிள்ளைகளுக்கென்று ஷெர்லி டீச்சர் நடத்தும் செய்முறை வகுப்பு அது. பழைய ஃபேனைப் பிரித்து மாட்டுவார்கள், பேட்டரியில் ஓடும் வண்டி செய்வார்கள். வாரத்தில் மூன்று நாள், இரண்டு மணி நேரம். அப்பாவின் கை எட்டாத நேரம் என்றுதான் முதலில் சேர்ந்தாள். அப்புறம் வேலையிலேயே ஆசை பிடித்துவிட்டது.

அன்று முடித்தது சோப்பு டப்பாவுக்குள் அடங்கிய ஒரு பெட்டி. மூன்று டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர், வெளியே நீட்டிக்கொண்டு ஒரு செம்புக் கம்பி. கரண்ட் உள்ள வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், தொடாமலே கீச்சென்று கத்தும்.

"வீட்டுல கரண்ட் எங்கெங்க இருக்கோ அங்கல்லாம் வச்சுப் பாத்து நோட்டுல எழுதிட்டு வாங்க. எதையும் தொடக்கூடாது மக்கா. தொட்டா நோட்டு எழுத ஆள் இருக்காது" என்றார் டீச்சர்.

கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் உதடு வீங்கியிருந்தது.

"பல்லு ஆடுதாம்மா?"

"ஒண்ணு ஆடுது. நீ சாப்பிடு."

"திங்கக்கெழமையிலருந்து பள்ளிக்கூடம் விட்ட அடுத்த பஸ்ஸுல வந்து நிக்கணும். இல்ல, படிப்பும் கெடையாது ஒரு மண்ணும் கெடையாது" என்று உள்ளே இருந்து அப்பாவின் குரல் வந்தது. பொன்செல்வி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அப்பாவைப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் பழைய கதை. அவன் இல்லாமல் போனால் நன்றாயிருக்கும் என்று அன்றுதான் முதல் தடவையாக நினைத்தாள்.

துரைப்பாண்டி மக்காச்சோளக் காட்டைச் சுற்றிக் காட்டுப்பன்றிக்கு வயர் கட்டியிருந்தான். பொழுது அடையும்போது நீள மூங்கில் கழியால் மேலே போகிற லைனில் கொக்கி மாட்டுவான். விடிந்ததும் கழற்றுவான். சுத்தமான திருட்டுக் கரண்ட். வயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க அவனாக ஒரு வழி வைத்திருந்தான். அதே கொக்கியில் மோட்டார் ரூம் வாசலுக்கு ஒரு குண்டு பல்பு. பல்பு எரிந்தால் கழியை எடுத்துக் கொக்கியைக் கழற்றுவான். எரியாவிட்டால் லைனில் கரண்ட் போய்விட்டது என்று, கொக்கி மேலே தொங்கத் தொங்க வயரைக் கையால் சுற்ற ஆரம்பித்துவிடுவான்.

சனிக்கிழமை காலை பல்பு எரியவில்லை. பல்பே ஃபியூஸ் போயிருக்கலாம் என்று அந்த மகானுக்குத் தோன்றவில்லை.

காபித் தூக்குவாளி ஒரு கையிலும் பெட்டி மறு கையிலுமாக பொன்செல்வி வரப்பில் வந்தாள். வயருக்கு ஒரு முழம் இருக்கும்போதே பெட்டி கத்தியது. பின்னால் நகர்ந்தாள், நின்றது. முன்னால் வந்தாள், கத்தியது.

"யப்பா, தொடாதிய! வயர்ல கரண்ட் இருக்கு!"

"பல்பு அணைஞ்சு கெடக்கு, கண்ணு அவிஞ்சு போச்சா?"

"பல்பு பொய் சொல்லுது. இத பாருங்க."

பேச்சு முடியவில்லை, கன்னத்தில் அறை விழுந்தது. தூக்குவாளி உருண்டது. பெட்டியைப் பிடுங்கி மோட்டார் ரூம் சுவரில் எறிந்தான். அது கீழே விழுந்தும் கத்தவே, ஏறி மிதித்தான். "இருவது வருசமா இந்தப் பல்பப் பாத்துதாம் வயரச் சுத்துதேன். உங்க டீச்சரம்மா எனக்குக் கரண்டு படிச்சுக் குடுக்காளோ? தொட்டே காட்டுதேன், பாரு" என்று ஈரத் தரையில் வெறுங்காலோடு வயரை நோக்கிக் குனிந்தான்.

பொன்செல்விக்கு அப்போது வந்த எண்ணத்தை மறைப்பானேன்? சும்மா நின்றால் போதும். அவள் எதுவும் செய்ய வேண்டாம். சொல்லத்தான் சொன்னோமே, கேட்கவில்லையே என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். அம்மாவுக்கு இன்னொரு பல் ஆடாது.

சுவரில் சாய்த்திருந்த கொக்கிக் கழியைக் கை எப்படித் தூக்கியது என்று அவளுக்கே தெரியாது. காய்ந்த மூங்கில் கழி. இரண்டு கையாலும் ஓங்கி அப்பாவின் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் காதில் கேட்டது. துரைப்பாண்டி அலறிக்கொண்டு மல்லாந்தான். விழுந்த வாக்கிலேயே அவள் வயிற்றில் உதைத்தான். அவள் மண்ணில் சுருண்டாள். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி மறுபடி உதைத்தான். அவள் தவழ்ந்து எழுந்து, கழியை மேலே நீட்டிக் கொக்கியைத் தட்டிவிட்டாள். லைனிலிருந்து நீலப் பொறி சடசடவென்று கொட்டியது.

துரைப்பாண்டியின் வாய் பாதி வசவில் நின்றுபோனது. அவன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு அடி போடலாமா என்று கை பரபரத்தது.

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் எப்படி ஒடிந்தது என்று டாக்டர் கேட்டதற்கு, வரப்பில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். வயரைச் சொன்னால் போலீஸ் வரும். மகளைச் சொன்னால் மானம் போகும்.

மாவுக்கட்டுப் போட அவனை உள்ளே கொண்டுபோனார்கள். தாயும் மகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை பொன்செல்வி ஒன்று விடாமல் சொன்னாள். வள்ளித்தாய் முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டாள்.

"ஏம்ட்டி தடுத்த?"

பொன்செல்வி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "அதாம் கை ஒடஞ்சு போச்சேம்மா, இனி எப்பிடி அடிப்பாவ?" என்றாள்.

"கை ஒடஞ்சா என்ன? காலு இருக்கே உங்கப்பாவுக்கு."

"அதையும் ஒடிச்சுப்போடுதேன்."

சொன்ன வேகத்தில் அவள் கை தானாக உயர்ந்திருந்தது. வள்ளித்தாய் சட்டென்று முகத்தை முழங்கையால் மறைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். பொன்செல்வி கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா கொஞ்ச நேரம் முழங்கையை எடுக்கவே இல்லை.