ராமுத்தாயின் பங்கு

கொய்யாவைக் கீறி மிளகாய்ப்பொடி தடவுவதற்குள் காற்று வந்து ரோட்டுப் புழுதியையும் தடவிவிட்டுப் போனது. ஆடி பிறந்ததிலிருந்து இதே கூத்துதான். ராமுத்தாய் தள்ளுவண்டிச் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்து, படபடக்கும் சிப்ஸ் சரங்களை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடைவேளை மணிக்காகப் பள்ளிக்கூட வாசலையே பார்த்திருந்தாள். முழங்கால் தேய்ந்து திராட்சைத் தோட்டத்து வேலைக்கு ஆகாமல் போனபின், அந்த மணி அடித்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

நேற்று அந்த வாசலுக்குள் பெரிய விழா. சிப்ஸ் கம்பெனியே செலவழித்து நடத்தியது. பந்தல், மைக், பிளக்ஸில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் பூமி உருண்டை. கொச்சியிலிருந்து காரில் வந்திருந்த மேனேஜர் சசிதரன், பூமியைத் தன் பேருக்குக் கிரயம் முடித்தவர்போலப் பேசினார். மதில் தாண்டி எல்லாம் ராமுத்தாய் காதில் விழுந்தது.

"ஒரு பாக்கெட் குப்பையானால் யார் பொறுப்பு? செய்தவருக்கு ஒரு பங்கு! விற்றவருக்கு ஒரு பங்கு! வாங்கித் தின்றவருக்கு ஒரு பங்கு!"

பிள்ளைகளும் கூட நின்ற பெரியவர்களும் அதையே உறுதிமொழியாகத் தொண்டை கிழியத் திருப்பிச் சொன்னார்கள். அப்புறம் ஆளுக்கொரு பச்சைத் தொப்பி. தொப்பியில் அழுக்குப் படக்கூடாதென்று ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்கள். பேரூராட்சி மேற்பார்வையாளர் வேல்பாண்டிக்கும் ஒன்று கிடைத்தது. அவர் தலைக்கு அது சிறிசு. போட்டோ எடுத்து முடிக்கும்வரை கையால் அமுக்கிக்கொண்டே நின்றார்.

மணி அடித்தது. காசோடு வரவேண்டிய பிள்ளைகள் சாக்குமூட்டையோடு வந்தார்கள். முன்னால் ஆறாம் வகுப்பு சிம்ரன். தொப்பி காதுவரை இறங்கியிருந்தது.

"அத்தை, இந்தாங்க ஒங்க பங்கு."

மூட்டை வண்டிக்கடியில் வந்து விழுந்தது. உள்ளே ஓடை, புளியமரத்தடி, கக்கூஸுக்குப் பின்புறம் என்று தேடித் தேடி எடுத்த சிப்ஸ் உறைகள்.

"ஏலே, எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்து போடுறீக?"

"தின்னது நாங்க. அதுனால நாங்க பெறக்கிட்டோம். வித்தது நீங்க. அதுனால நீங்க கம்பெனிகிட்டக் குடுத்துரணும்."

"அந்தக் கம்பெனிக்காரரு நேத்து இங்கனதேன வந்தாக? அவுக கையிலயே குடுக்க வேண்டியதுதேன?"

சிம்ரன் யோசித்தாள். "நேத்து பெறக்கலையே அத்தை. இப்ப அவுக தூரத்துல இருக்காக. நீங்கதேன் பக்கத்துல இருக்கீக."

குப்பை அள்ளிய கையைக் கழுவ எல்லாரும் குழாயடிக்கு ஓடினார்கள். கழுவி முடிப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிட்டது. கீறிய கொய்யா அப்படியே கிடந்தது.

மத்தியானம் கம்பெனி வண்டி வந்தது. மாரிசெல்வம் புதுச் சரங்களை இறக்கி மாட்டினான்.

"தம்பி, இந்த மூட்டைய ஏத்திக்க. செஞ்சவுகளுக்கும் ஒரு பங்குன்னு ஒங்க மேனேசரே சொல்லிட்டாரு."

"யக்கா, மைக்குல பேசுனதுக்கெல்லாம் வண்டியில எடமிருக்கா? வெறும் கவரக் கொண்டுபோயி குடோன்ல எறக்குனேன்னு வையி, அம்புட்டையும் நீதேன் தின்னியாடான்னு என் சம்பளத்துல புடிச்சிருவாக."

"அப்ப இத நான் என்ன செய்ய?"

"கொளுத்திவிடு."

"பிள்ளைக படிக்கிற எடத்துலயா?"

அவன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். மூட்டையின் கட்டு அவிழ்ந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. காற்று கவனித்தது. மறுநிமிடம் பள்ளிக்கூட மதில், முள்வேலி, எதிர்த்த திராட்சைப் பந்தல் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் குலுங்கின. ராமுத்தாய் காலை இழுத்து இழுத்து ஓடினாள். இரண்டைப் பிடித்தால் நாலு பறந்தது.

அந்த நேரம் பார்த்து வேல்பாண்டியின் பைக் வந்து நின்றது.

"என்னம்மா இது, குப்பக்கெடங்காட்டம்? நாளைக்குக் கம்பெனிக்காரக 'குப்பையில்லாப் பள்ளி'ன்னு போர்டு வைக்க வாராக!"

"நான் போடல சார். பிள்ளைகதேன்..."

"பச்சப்பிள்ளைக மேல பழியப் போடாத. நேத்துதேன் உறுதிமொழி எடுத்துருக்குதுக."

"நீங்களுந்தேன சார் எடுத்தீக?"

வாய் தவறி வந்துவிட்டது. வேல்பாண்டி பைக்கை விட்டு இறங்கினார்.

"எதுத்துப் பேசுறியா? சாயங்காலத்துக்குள்ள வண்டிய எடுத்துரு. இனிமே இந்த வாசப்பக்கமே ஒன்னயப் பாக்கக்கூடாது. குப்பையையும் நீயே அள்ளிட்டுப் போயிரு."

"பஸ் ஸ்டாண்டுல ஏற்கெனவே ஏகப்பட்ட வண்டி நிக்குது சார். என்னய ஒருத்தரும் அண்டவிட மாட்டாக. நான் எங்கன போவேன்?"

"அது ஒன் பொறுப்பு."

பள்ளிக்கூடம் விடும்வரை அவள் பொறுக்கினாள். வேலி முள் கையைக் கிழித்தது. கடைசியில் மூட்டையை வண்டி மேல் ஏற்றி, சக்கரத்துக் கல்லைக் காலால் தள்ளிவிட்டாள். மேலே வாடிப்போன கொய்யா, பிரிக்காத புதுச் சரங்கள், மூட்டை. காற்றுக்கு எதிர்முகமாக வண்டி நகர மறுத்தது. காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ் உரசிக்கொண்டு போய் இன்னொரு வாய் புழுதியைக் கொடுத்தது.

"அத்தை! நில்லுங்க அத்தை!"

சிம்ரன் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் கை நிறைய வழுவழுப்பான உறைகள். தொப்பி வந்த உறைகள்.

"இத விட்டுட்டுப் போறீக."

"இது நான் வித்ததில்லையே, தாயி."

சிம்ரன் பறக்கப் பார்த்த தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையை நீட்டியபடியே நின்றாள்.

"கம்பெனிக்காரகளக் காணோமே அத்தை. நீங்கதேன இருக்கீக."

ராமுத்தாய் வண்டியை நிறுத்தி, கல் கிடைக்காமல் தன் காலையே சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, மூட்டையின் வாயை அவிழ்த்துப் பிடித்தாள்.