ஃபில்டரில் கட்டிய கயிறு

நெரவியில் யாராவது செம்பியனிடம் போய், வண்டியைக் கம்பெனி சர்வீசுக்கு விடப்போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்கள் வேலை கெட்டது. "கொஞ்சம் நில்லுங்க" என்று தன் காரின் டேஷ்போர்டைத் திறப்பார். உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வரும். உறைக்குள் எண்ணெய்க் கறை ஏறிக் கறுத்த சிவப்புக் கயிறு ஒன்று கிடக்கும். அதை எடுத்து மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டுவார்.

"இது என்னன்னு தெரியுதா? சாட்சி. கம்பெனிக்காரன் பண்ற திருட்டுக்கு சாட்சி."

செம்பியன் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டர். ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் அவருக்குக் கை விரல் மாதிரி. அப்படிப்பட்டவருக்குக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தன் வண்டியை யாரோ நோண்ட, இந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்து காப்பி குடிப்பது ஆகவே ஆகாது. சில வருஷங்களுக்கு முன் காரைக்கால் கம்பெனி சர்வீசுக்கு விடுவதற்கு முதல் நாள், உள்ளே உண்மையிலேயே ஆயில் ஃபில்டரை மாற்றுகிறார்களா இல்லை பில்லில் மட்டும் எழுதுகிறார்களா என்று பார்த்துவிடத் தீர்மானித்தார். பூஜை அறை ஆணியில் தொங்கிய கோயில் கயிறு ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது. அதை எடுத்துப் பழைய ஃபில்டரின் கழுத்தில் முடிச்சுப் போட்டுவிட்டார். ஃபில்டர் போனால் கயிறும் போக வேண்டும், அதுதான் கணக்கு.

சர்வீஸ் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்ததும் அடியில் படுத்து டார்ச் அடித்தார். கயிறு அங்கேயே இருந்தது!

அப்படியே திரும்பிப் போய், என்னய்யா இது என்று கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். மனுஷன் அங்கேதான் கோட்டை விட்டார். சர்வீஸ் திருப்தியா சார் என்று மறுநாள் போனில் கேட்ட பெண்ணிடம், "திருப்திம்மா" என்று சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்த்து உறையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் காட்ட ஆரம்பித்தார். அதிலிருந்து ஆயில் மாற்றுவது அவரேதான். நன்றாகத்தான் மாற்றுவார், குறை சொல்ல முடியாது.

போன வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வீடு நிறைந்திருந்தது. மகள் பிரதீபா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. மாப்பிள்ளை நவநீதன் லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து வந்திருந்தார். பிள்ளைப்பேற்றுக்கு வண்டி எந்த நேரமும் தயாராக நிற்க வேண்டும் என்பதில் செம்பியன் குறியாக இருந்தார். பூஜையன்று விடிந்ததும் விடியாததுமாகக் காரின் அடியில் படுத்துவிட்டார்.

"ஏன் மாமா, கம்பெனி சர்வீஸ்ல குடுத்திருக்கலாமே" என்று நவநீதன் கேட்டார். பாவம், தெரியாமல் கேட்டுவிட்டார். கயிற்றின் கதையை ஆதியோடு அந்தமாகக் கேட்க வேண்டியதாயிற்று.

"நல்ல நாளும் அதுவுமா வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு" என்று வாசலுக்கு வந்து முணுமுணுத்துவிட்டுப் போனாள் செம்பியனின் மனைவி கல்யாணசுந்தரி.

பழைய ஆயில் வடிந்தது. புது ஃபில்டரை மாட்டினார். ஆயில் வடிகிற துளைக்கான போல்ட்டைக் கையால் திருகி வைத்து, தேன் நிறத்தில் புது ஆயிலை மேலே ஊற்றினார். இனி ஸ்பேனர் போட்டு போல்ட்டை ஓர் இறுக்கு இறுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் காப்பி ஆறிப்போகிறது என்று பிரதீபா கூப்பிட்டாள். காப்பியைக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் தரையில் கிடந்த ஸ்பேனர்களைக் காணோம்.

அவை பூஜை அறையில் இருந்தன. கல்யாணசுந்தரி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பிரதீபாவின் பழைய பாடப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டிருந்தாள். கார் சாவிக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

"அந்தப் பெரிய ஸ்பேனரு..." என்று இழுத்தார் செம்பியன்.

"பொட்டு வச்சாச்சுங்க. இனிமே நாளைக்குக் காலையில பூஜை பிரிச்ச பிறகுதான். அதான் வேலைய முடிச்சிட்டீங்கள்ல?"

முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் கம்பெனிக்காரனின் யோக்கியதையைப் பற்றி அவருக்கு நீட்டி முழக்கியாகிவிட்டது. இந்த நேரத்தில் போல்ட்டை இறுக்க மறந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சாவியே பூஜையில் இருக்கிறது, வண்டியை யார் எடுக்கப்போகிறார்கள், நாளைக்கு இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். "முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டார்.

பூஜை நடந்தது. காருக்கு மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் பூசினார்கள். சாப்பாடு முடிந்ததும் வயலுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க செம்பியன் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. வாய்க்கால் அடைப்பை எடுத்துவிட்டு, வரப்பில் இரண்டு பேரிடம் நின்று பேசிவிட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தார். வாசலில் கார் இல்லை.

பக்கத்து வீட்டு அமுதம் ஓடி வந்தாள். "அண்ணே, எங்க போயிட்டீங்க? பிரதீபாவுக்கு வலி எடுத்துருச்சு. பனிக்குடம் உடைஞ்சிருச்சு. மாப்ள காரை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. அண்ணியும் கூடப் போயிருக்காங்க."

செம்பியன் கீழே பார்த்தார். கார் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் தேன் நிறத்தில் ஒரு பொட்டு. கேட்டருகே இன்னொன்று. தெருவில் பொட்டுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பைக்கைத் திருப்பினார். அவர் மகள் வலியோடு போன வழியை அவர் ஊற்றிய ஆயிலே அவருக்குக் காட்டிக்கொண்டு போனது. முதலில் சொட்டாக இருந்தது போகப் போகக் கோடாக மாறியது. பாவி, ஒரு இறுக்கு, ஒரே ஒரு இறுக்கு என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓட்டினார். நாகூர் ஆண்டவா, காரைக்கால் அம்மையாரே, திருநள்ளாறு ஈஸ்வரா என்று வாயில் வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார்.

அரசலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் ஓரமாக நின்றது. மாலையும் சந்தனமுமாக அலங்காரம் கலையாமல், பூட்டியபடி, உள்ளே யாரும் இல்லாமல் நின்றது. அடியில் ஆயில் குட்டையாகத் தேங்கியிருந்தது. செம்பியன் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

டீக்கடைக்காரர்தான் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க வண்டியா? அந்தப் பொண்ணு துடிச்சிப்போச்சுங்க. எதுத்தாப்புல ஒரு வேன் வந்துச்சு. அந்தாளு பார்த்த உடனே வேனைத் திருப்பி, ஏத்திக்கிட்டுப் பறந்துட்டாரு. நேரமாச்சு, போங்க போங்க."

ஆஸ்பத்திரிப் படியில் அவர் ஏறியது அவருக்கே நினைவில்லை. பிரசவ வார்டு வாசலில் கல்யாணசுந்தரி தலை கலைந்து, சேலை கசங்கி நின்றாள். அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"பேத்திங்க! தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. வந்து ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சதுதான் தெரியும். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரோட்டுலயே பொறந்திருக்கும்."

செம்பியன் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்திலிருந்தவர்கள் துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"நான் போல்ட்ட இறுக்கலை சுந்தரி" என்றார். "ஸ்பேனர நீ பூஜையில வச்சிட்ட. மாப்ள முன்னாடி கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு..."

கல்யாணசுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, வாயத் தொறந்து சொல்லியிருந்தா எடுத்துக் குடுத்திருக்க மாட்டேனா? கார் சாவிய பூஜையிலேருந்து நான்தானே எடுத்துக் குடுத்தேன். எந்தச் சாமி என்னைக் கோவிச்சுக்கிச்சு?"

செம்பியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நவநீதன் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப்பையிலிருந்து பொரி சிந்திக்கொண்டிருந்தது. "மாமா, இவருதான் வேனைத் திருப்பினவரு. பேரு பூமிநாதன், ஊரு தலத்தெரு. அக்கா வீட்டுக்குப் பொரி கடலை குடுக்க நெரவிக்கு வந்துக்கிட்டிருந்தாராம்." பிறகு ஒரு நொடி தயங்கினார். "காரைக்கால் கம்பெனி சர்வீஸ்ல ஃபிட்டரா இருக்காரு மாமா."

செம்பியன் எழுந்து பூமிநாதனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பேச வந்தது, ஆனால் வார்த்தை கோவையாக வரவில்லை. "நல்லா இருங்க தம்பி, உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"இருக்கட்டும் சார்" என்று கூச்சப்பட்டார் பூமிநாதன். "ஆயில் லைட்டு எரிஞ்சதும் மாப்ள சார் வண்டிய நிறுத்திட்டாரு. அதனால இன்ஜின் தப்பிச்சிச்சு. எங்க ஸ்பேனரும் பூஜையிலதான் இருக்கு. நாளைக்குக் காலையில எடுத்துட்டு வந்து சரி பண்ணித் தர்றேன்."

விஜயதசமி காலையில் பூஜை பிரித்ததும் பாலத்துக்குப் போனார்கள். பூமிநாதன் புது வாஷரும் ஆயிலும் கொண்டுவந்திருந்தார். செம்பியன் தன் பெரிய ஸ்பேனரைச் சந்தனப் பொட்டு அழியாமல் எடுத்து வந்திருந்தார்.

பூமிநாதன் அடியில் படுத்துக்கொண்டு, "துடைக்க ஏதாச்சும் துணி இருக்குங்களா?" என்று கேட்டார். நவநீதன் டேஷ்போர்டைத் திறந்து துழாவினார். துணியோடு அந்த பிளாஸ்டிக் உறையும் வந்து தொப்பென்று ரோட்டில் விழுந்தது.

செம்பியன் பதறிக் குனிந்தார். எடுப்பதற்குள் பூமிநாதன் கை நீட்டி எடுத்துவிட்டார். உறைக்குள் இருந்ததைப் பார்த்ததும் வெளியே நகர்ந்து வந்து எழுந்து உட்கார்ந்தார். எண்ணெய்க் கையைத் துணியில் அழுத்தித் துடைத்துவிட்டு, கயிற்றை வெளியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அட, இது உங்க வண்டிதானா! இதையா இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க? முன்ன ஒரு தடவை ஃபில்டரைக் கழட்டுறேன், கழுத்துல சாமி கயிறு கட்டியிருக்கு. ஸ்டியரிங்ல கட்டுவாங்க, முன்னாடி பம்பர்ல கட்டுவாங்க, ஃபில்டர்ல கட்டுனத நான் பார்த்ததே இல்ல. யாரு வேண்டுதலோ, குப்பையில போடக்கூடாதுன்னு மெல்ல அவுத்துப் புது ஃபில்டர்ல நான்தான் சார் கட்டிவிட்டேன்."

நவநீதன் மாமனாரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பெருந்தன்மையாக ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு டார்ச் வெளிச்சத்தில் செம்பியன் கயிற்றைப் பார்த்தாரே தவிர, அது கட்டியிருந்த ஃபில்டர் புதிதா பழசா என்று அவர் பார்க்கவே இல்லை. பூமிநாதனின் இந்தக் கையைத்தான் இத்தனை வருஷம் திருட்டுக் கை என்று தெருத்தெருவாகச் சொல்லியிருக்கிறார். அதே கைதான் நேற்று அவர் மகளைத் தூக்கி வேனில் ஏற்றியிருக்கிறது. சும்மா இருந்திருந்தால் பூமிநாதனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்ததன் பலனை நேற்றுத்தான் பார்த்திருந்தார்.

"அது வேண்டுதல் இல்ல தம்பி" என்றார். "உங்கள மாட்டிவிடறதுக்கு நான் வச்ச கண்ணி. ஃபில்டர மாத்தாமலே ஏமாத்திட்டீங்கன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

பூமிநாதன் முகத்தில் சிரிப்பு மறைந்தது. கயிற்றைத் திரும்ப உறைக்குள் போட்டார்.

"ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமே சார்" என்றார்.

"கேட்டிருக்கணும். தப்புதான்."

பாலத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பூமிநாதன் மூச்சு விட்டுச் சிரித்தார். "பரவாயில்ல, விடுங்க. புள்ள பொறந்த வீடு. இந்தாங்க, போல்ட்ட நீங்களே இறுக்குங்க. நேத்தே இறுக்க வேண்டியது."

செம்பியன் ரோட்டில் மல்லாந்து படுத்து, ஸ்பேனரைப் போட்டு இறுக்கினார். ஸ்பேனரிலிருந்த சந்தனம் அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. "தம்பி, அந்தக் கயித்த நீங்களே பழையபடி கட்டிவிடுங்க" என்று அடியிலிருந்தே கேட்டார். பூமிநாதனும் படுத்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, ஒருவர் டார்ச் பிடித்தார், ஒருவர் முடிச்சுப் போட்டார்.

இப்போதும் நெரவியில் கம்பெனி சர்வீஸ் என்று பேச்செடுத்தால் செம்பியன் ஆளை நிறுத்திவைத்துத்தான் பேசுகிறார். அதே கதைதான், ஆனால் இப்போது முழுசாகச் சொல்கிறார். கேட்டவர்கள் அதற்குப் பிறகு வண்டியைத் தைரியமாகப் பூமிநாதனிடம் கொண்டுபோய் விடுகிறார்கள்.

தன் வண்டிக்கு மட்டும் ஆயிலை அவரேதான் மாற்றுகிறார், அந்தப் பழக்கம் போகவில்லை. ஃபில்டரைக் கழற்றும் முன் கயிற்றை மெல்ல அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். புதியதை மாட்டியதும் கையைத் துடைத்துவிட்டு, அதன் கழுத்தில் மறுபடி கட்டிவிடுகிறார்.