காற்றை வழியனுப்புகிறவள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம். ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் சொல்கிறேன். அதிவேக வண்டி ஓடும் கான்கிரீட் குழாயிலிருந்து காற்றை வழியனுப்புவது என் வேலை. உள்ளே காற்று இருந்தால் வண்டி முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் காலையில் பம்பைப் போட்டதும் குழாய் வாசலில் நின்று அதைக் கைகூப்பி அனுப்பிவைப்பேன். மறுநாள் பார்த்தால் பாதிக் காற்று உள்ளே இருக்கும்.

இன்ஜினியர் நெடுமாறன் சார் இணைப்புகளில் ரப்பர் வளையங்களை மாற்றினார். மயிரிழை விரிசல்களைத் தேடி அடைத்தார். கசிவடைக்கும் பூச்சை மூன்று முறை அடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"செங்கமலம், போகும்போது அது என்ன சொல்லுது?"

"போயிட்டு வரேன்னு சொல்லும் சார்."

"அப்புறம் வராம என்ன செய்யும்? போறேன்னு சொல்ல வை. வெள்ளிக்கிழமை சோதனை ஓட்டம்."

முதல் வண்டியில் உட்காரப்போகிறவர் என் வீட்டுக்காரர் தணிகாசலம். நடுக்குழாயில் வண்டி நின்றால் இறங்கி வர வழி கிடையாது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ, "மதியத்துக்குள்ள வந்துடுவேன், ரசம் மட்டும் வை" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை காற்றிடம் கெஞ்சினேன்.

"நல்ல நாளும் அதுவுமா யாராவது போறேன்னு சொல்வாங்களாக்கா? மாமா வேற வண்டி ஏறுறார்" என்றது. வளர்ந்த விதம் அப்படி. எனக்கே வாயில் வராத சொல்.

"சரி, போயிட்டு வா. ஆனா இங்க வராதே, எங்க வீட்டுக்கு வா."

"காப்பி உண்டா?"

"சர்க்கரை கம்மியாத்தான் போடுவேன்."

யோசித்துவிட்டுக் கிளம்பியது. காற்றழுத்த மானியில் முள் பூஜ்யத்தில் நின்றது. தணிகாசலம் போய்த் திரும்பி, ரசம் வைக்கும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

ஆனால் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. எட்டு கிலோமீட்டர் குழாயின் காற்று கட்டில், அடுப்படி, பரண் எங்கும் உட்கார்ந்திருந்தது. சலித்துப்போய்க் குழாய்க்கே கிளம்பிவிட்டால்? திங்கட்கிழமையும் வண்டியில் அவர்தான்.

மிச்சமிருந்த பூச்சை சாரிடம் கேட்டு வாங்கி, கதவு, ஜன்னல், கூரை எல்லாவற்றுக்கும் இரண்டு கை அடித்தேன். சாவித்துவாரத்தை மட்டும் விட்டேன். காலியாக இருந்த இடம் குழாய்தான். அங்கேயே பாயை விரித்துவிட்டோம். காலையில் வீட்டுக்கு நடந்து, சாவித்துவாரத்தில் வாய் வைத்து, அன்றைக்கு வேண்டிய மூச்சை எடுத்துக்கொள்கிறோம். முதலில் அவர், பிறகு நான்.