ஆடாத கேப்டனின் கவர்

கோல்ஃப் ஆட ஒரு மட்டையும் ஒரு பந்தும் ஒரு குழியும் போதும். நாட்டுக்காக ஆடுவதென்றால் கோட்டும் வேண்டும். அந்த அமெச்சூர் பெண்கள் அணியில் ஆடுகிறவர்கள் எட்டுப் பேர், அவர்களை ஆட வைக்க வந்த சங்கத்துக்காரர்கள் பதினான்கு பேர். கோட்டு முதலில் தைத்தது சங்கத்துக்காரர்களுக்குத்தான். ஆடுகிற எட்டுப் பேரில் ஒருத்தியான நர்சம்மாவுக்குக் கிடைத்த கோட்டின் கை விரல் நுனிவரை தொங்கியது. கடைசி நேரத்தில் வராமல் போன பொருளாளருக்கு அளவெடுத்த கோட்டு அது.

அணிக்குக் கேப்டன், சங்கத் தலைவரின் மனைவி. "ஆடாத கேப்டன்" என்றே இந்த விளையாட்டில் ஒரு பதவி உண்டு. அம்மையார் அந்தப் பதவிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மட்டையைத் தொட்டே ஒன்பது வருஷமாகியிருந்தது. ஜெயித்த ஆட்டத்தை "நாம ஜெயிச்சோம்" என்பார். தோற்ற ஆட்டத்தை "நீங்க தோத்துட்டீங்க" என்பார்.

நர்சம்மா ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை செய்கிறவள். வயது நாற்பத்தொன்று. இரவு டியூட்டி முடிந்த காலைகளில் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த பொது மைதானத்தில் அடித்துப் பழகியவள். தேர்வுப் போட்டியில் எல்லோரையும்விடக் குறைந்த அடியில் முடித்துவிட்டதால் அவளைச் சேர்ப்பதைத் தவிர சங்கத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. வருஷத்து லீவு மொத்தத்தையும் எடுத்து, பதினோரு பேரிடம் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கூட அவள் மாமியாரும் வந்திருந்தாள். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். கோல்ஃப் புரியாது, ஆனால் ஒரு கூட்டத்தைப் பார்த்தாலே டிக்கெட் எடுக்காமல் ஏறியது யாரென்று சொல்லிவிடுவாள். கோட்டுக்காரர்களை முதல்நாள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பதினாலும் ஓசி" என்றாள்.

முதல் இரண்டு நாளும் ஜோடி ஆட்டம். இருவருக்கு ஒரே பந்து. ஒருத்தி அடித்தால் அது போய் விழுந்த இடத்திலிருந்து அடுத்தவள் அடிக்க வேண்டும். நர்சம்மாவுக்கு ஜோடியாக வாய்த்தவள் கேப்டனின் ஒரே மகள், இருபத்திரண்டு வயதுச் செல்லம். செல்லம் புதருக்குள் அடிப்பாள், நர்சம்மா புதரிலிருந்து எடுப்பாள். செல்லம் மணல் பள்ளத்தில் போடுவாள், நர்சம்மா பள்ளத்தில் இறங்குவாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செல்லத்துக்கு ஒரு நாள் காற்று சரியில்லை, மறுநாள் கையுறை சரியில்லை. அடிக்கணக்கை எழுதும் அட்டையைக்கூட அவள் தொடவில்லை. இரண்டு நாளும் நர்சம்மாதான் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் அவளிடம் நீட்டினாள். ஒன்று ஜெயித்தார்கள், ஒன்று தோற்றார்கள். ஜெயித்த நாள் படத்தில் செல்லம் முழுசாக இருந்தாள், நர்சம்மாவின் தோள்பட்டை மட்டும் இருந்தது.

இரு அணியும் நாலுக்கு நாலு என்று சமமாக நின்றன. மூன்றாம் நாள் தனி ஆட்டம். ஒவ்வொருத்திக்கும் அவளவள் பந்து. நர்சம்மா வந்ததே இந்த ஒரு நாளுக்காகத்தான். யாருடைய புதரிலும் கை விடாமல், தன் பந்தைத் தானே அடித்து, தோற்றாலும் தன் தோல்வியாகத் தோற்க வேண்டும். எதிரணியின் சாம்பியனோடு அவளை மோதவிட்டிருந்தார்கள். எப்படியும் போகப் போகிற ஆட்டம், நர்சம்மா தோற்றுக்கொள்ளட்டும் என்று கேப்டன் போட்ட கணக்கு அது. நர்சம்மாவுக்கோ கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது.

அன்று மாலை கேப்டன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு வெள்ளைக் கவரும் துண்டுச் சீட்டும் இருந்தன.

இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாளுக்கு முன் ஒவ்வொரு கேப்டனும் தன் அணியில் ஒருத்தியின் பெயரைத் தன் கையால் எழுதி, கவரில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிரணியில் யாராவது நோயில் விழுந்து ஆட முடியாமல் போனால் கவரைப் பிரிப்பார்கள். அதில் பெயர் உள்ளவள் உட்கார்ந்துவிட வேண்டும். அந்த ஓர் ஆட்டத்துக்கு இரு பக்கமும் ஆளுக்கு அரைப் புள்ளி. யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டால் கவரைப் பிரிக்காமலே கிழித்துப் போடுவார்கள். முப்பது வருஷமாகக் கிழித்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

"யார் பேரை எழுதுறதுன்னு எனக்கு மனசே வரலம்மா," என்றார் கேப்டன். "எல்லாரும் என் பிள்ளைங்க மாதிரி. அதான் யோசிச்சேன், நீயே உன் பேரை எழுதிடேன். நீதான் பெரிய மனசுக்காரி."

"என் பேரையா, மேடம்?"

"சும்மா சம்பிரதாயம். யாரும் பிரிக்கப் போறதில்ல. நீயா முன்வந்தேன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், உனக்குத்தான் நல்ல பேரு."

வெட்டுவதும் வெட்டிவிட்டு, கத்தியைக் கழுவி வைக்கச் சொல்கிறாள் என்று நர்சம்மா நினைத்தாள். அவமானம் காது மடலில் சுட்டது. கேப்டன் கண்ணாடி முன் திரும்பி உதட்டுச் சாயம் பூசத் தொடங்கியிருந்தார். நர்சம்மா பேனாவை எடுத்தாள். பிரிக்கவே போகாத கவரில் யார் பெயர் இருந்தால் என்ன? அது ஒரு காறித் துப்பல், அவ்வளவுதான். செல்லத்தின் பெயரை எழுதினாள், மடித்து உள்ளே போட்டாள்.

"ஒட்டிடும்மா, எனக்கு லிப்ஸ்டிக் கலைஞ்சிடும்."

நர்சம்மா நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். அம்மையாருக்குப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும், ஆனால் அதைப் போட்டால் வயது தெரியும். கவரின் வாயில் குறுக்கே ஒரு கையெழுத்தைக் கிறுக்கினார். அதோடு கேப்டன் வேலை முடிந்தது.

மறுநாள் காலை, பயிற்சிப் புல்வெளியில் எதிரணியின் சாம்பியன் குனிந்து பந்தை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அணி டாக்டர் ஓடி வந்தார். அவர் தோல் நோய் நிபுணர், பதினான்கு கோட்டில் ஒரு கோட்டு. "வெயில்தான். தண்ணி குடுங்க," என்றார். மணி ஏழுகூட ஆகவில்லை, வெயிலே இல்லை.

நர்சம்மா மட்டையைப் போட்டுவிட்டு மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இரண்டு துடிப்புக்கு ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்து, நெற்றி ஈரமாக இருந்தது. சாம்பியன் தலையை ஆட்டி, ஆடுவேன் என்று சைகை காட்டினாள்.

நடுவர் வந்தார். "நீங்க நர்ஸ்தானே? இவங்க ஆடலாமா?"

கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. குடையோடு ஓடி வந்து நர்சம்மாவின் காதருகே குனிந்தார். "முடியாதுன்னு சொல்லிடு. அரைப் புள்ளி சும்மா வருது. நீ உக்காரணும்தான், பரவால்ல, நாட்டுக்காக."

ஆடலாம் என்று நர்சம்மா ஒரு வார்த்தை சொன்னால் கவர் பிரியாது. அவளுக்குச் சாம்பியனோடு ஆட்டமும் கிடைக்கும், செய்த காரியமும் குப்பைக் கூடைக்குப் போய்விடும். முடியாது என்றால் கவர் பிரியும். இனி மட்டையைத் தொட முடியாதபடி அவளைத் துரத்துவார்கள். ஆனால் அவள் விரலுக்கடியில் அந்த நாடி இன்னொன்றை விழுங்கியது.

"ஆடக் கூடாது. நடக்கவும் கூடாது. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

ஆம்புலன்ஸ் போன பிறகு, கவரைப் பிரிக்கச் சொல்லிக் குரல் கொடுத்ததும் கேப்டன்தான். இரு அணியும் பதினான்கு கோட்டும் நாலு காமிராவும் சுற்றி நின்றன. நடுவர் சீட்டைப் பிரித்து வாசித்தார். செல்லத்தின் பெயரைக் கேட்டதும் செல்லத்தின் கையிலிருந்த மட்டை நழுவியது.

கேப்டன் நர்சம்மாவைப் பார்த்தார். நர்சம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இது உங்க கையால எழுதினதுதானே, மேடம்?" என்றார் நடுவர். "கேட்கணும்னு விதி. வேற யாராவது எழுதியிருந்தா உங்க அணி போட்டியவே விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடும்."

திருடனுக்குத் தேள் கொட்டியது. கேப்டன் நாலு காமிராவையும் ஒரு முறை பார்த்தார். "நான்தான் எழுதினேன்," என்றார்.

"உங்க சொந்த மகள் பேரையா?" என்றார் காமிராக்காரர் ஒருவர்.

"எனக்கு நாடுதான் முதல்ல," என்றார் கேப்டன். சொன்ன வார்த்தை அவருக்கே பிடித்துப்போனது. "மகள் அப்புறம்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

கைதட்டல் எழுந்தது. எதிரணிக்காரிகள்கூடத் தட்டினார்கள். தேள் கொட்டிய இடத்தில் தேன் வடிய, அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் காமிரா அதிகம் என்று பார்த்துத்தான் துடைத்தார்.

நர்சம்மா ஆடினாள். செல்லத்துக்கென்று இருந்த எதிராளியோடு, தன் பந்தைத் தானே அடித்து, பதினேழாவது குழியில் ஜெயித்தாள். மூன்று நாளில் ஒரு நாள் அவள் தனக்காகச் சிரித்தாள். சாம்பியன் பிழைத்துக்கொண்டாள் என்றும் செய்தி வந்தது. அணி ஒரு புள்ளியில் தோற்றது. அதை யார் கவனித்தார்கள்? கோப்பை வாங்கியவர்களைவிட அதிகமாக அம்மையாரைத்தான் படம் எடுத்தார்கள். மகளைத் தியாகம் செய்த தாய் என்று சங்கச் செயலாளர் மேடையில் மாலை போட்டுத் தழுதழுத்தார். அடுத்த வருஷமும் அம்மையாரே கேப்டன் என்று அங்கேயே அறிவித்தார்கள்.

நர்சம்மா உடை மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் மாமியாரோடு உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தாள். "அந்தம்மா உன்னை ஒண்ணும் பண்ண மாட்டா," என்றாள் மாமியார். "பண்ணினா மாலையைக் கழற்றணும்ல?"

அப்போது செல்லம் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. நர்சம்மா, வரட்டும், திட்டட்டும் என்று நிமிர்ந்தாள். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த பதில்கள் நாக்கு நுனியில் இருந்தன.

"சீட்டைப் பாத்தேன்," என்றாள் செல்லம். "அது உங்க எழுத்து. ரெண்டு நாளா அட்டையில அதைத்தானே பாத்துட்டிருந்தேன்."

நர்சம்மா கழற்றிய ஷூவைக் கீழே வைத்தாள்.

"நடுவர்கிட்ட போகல. போக மாட்டேன். எனக்கு இந்த விளையாட்டே பிடிக்காது, அம்மாவுக்காகத்தான் ஆடுறேன்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப ரூம்ல நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். கதவைச் சாத்திட்டுக் கேட்டேன், நீயாம்மா என் பேரை எழுதினேன்னு. யாருமே இல்ல, காமிரா இல்ல, ஒண்ணும் இல்ல. 'நான் எழுதலடி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

"என்ன சொன்னாங்க?"

"என் கண்ணைப் பாத்து, ஆமா, நான்தான் எழுதினேன்னு சொன்னா. அப்புறம், நாளைக்குப் பேட்டி இருக்கு, நீயும் பக்கத்துல நிக்கணும், கொஞ்சம் அழுதா நல்லா இருக்கும்னு சொன்னா."

நர்சம்மா அந்தப் பெயரை எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், பொருளாளரின் நீளக் கோட்டுக் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மாமியார்தான் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரும்மா," என்றாள்.